தூங்கெயிலும் தூங்க ஒரு எடமும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர், அதான் கடைப்பக்கம் வர முடியல. இன்னிக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் பத்திப் பேசப்போறேன். "கேமா? ஆளை விடுடா சாமி"ன்னு ஓடப் பாக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. இதுல குளச்சல் சண்டை வருது, உதயகிரிக் கோட்டை வருது, திரிபுரம் வருது, கடைசில எங்க அத்தானும் வர்றாரு.

மொதல்ல ஒரு வார்த்தை. தூங்கெயில். பள்ளிக்கூடத்துல தமிழய்யா இதைச் சொன்னப்ப, கடைசி பெஞ்சுல இருந்த நாங்க எல்லாம் "கோட்டை எப்பிடிய்யா தூங்கும்?"னு சிரிச்சோம். எயில்னா மதில், கோட்டை. தூங்குறதுன்னா பழைய தமிழ்ல தொங்குறது. ஆக, ஆகாசத்துல தொங்குற கோட்டை. சோழர்களோட முன்னோர் ஒருத்தர் அப்படித் தொங்குற கோட்டையை அழிச்சதா புறநானூறு, சிலப்பதிகாரம், மணிமேகலைன்னு பல நூல்ல வருது. தொடித்தோட் செம்பியன்னு அவருக்குப் பேரு. 1935ல அமெரிக்காவுல போயிங் கம்பெனி பி-17 விமானத்தைப் பறக்க விட்டப்ப அதுக்கு "ஃபிளையிங் ஃபோர்ட்ரஸ்", அதாவது பறக்கும் கோட்டைன்னு பேரு வந்துச்சு. நம்மாளுங்க பல நூற்றாண்டு முன்னாடியே பேர் வச்சு முடிச்சிட்டாங்க. (உடனே விமானத்தையே நாமதான் கண்டுபிடிச்சோம்னு கிளம்பிடாதீங்க. அந்தக் கும்பல்ல நான் இல்லை. பேர் மட்டும்தான் நம்முது :-) )

சரி, மேட்டருக்கு வருவோம்.

கேம் பேரு "ஏர்ஷிப்ஸ்: கான்கர் த ஸ்கைஸ்". டேவிட் ஸ்டார்க்ங்கறவர் செஞ்சது. 2018ல முழுசா வெளிவந்துச்சு. வானத்துல மிதக்குற போர்க்கப்பலை நாமளே கட்டணும், அதை வச்சு எதிரி கப்பலோட சண்டை போட்டு ஊர் ஊரா பிடிக்கணும். இவ்வளவுதான் கதை. ஆனா கட்டுற விதம்தான் ஆளைப் பிடிச்சு உக்கார வைக்கும். ஒரு வீட்டைக் குறுக்கால வெட்டிப் பக்கவாட்டுல இருந்து பாத்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி கப்பல் தெரியும். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒவ்வொரு அறையா வச்சுக்கிட்டே போகணும். பீரங்கி ஒரு அறை. குண்டு வைக்க ஒரு அறை. நிலக்கரிக்கு ஒண்ணு. மேல தூக்கிப் பிடிக்கிறதுக்கு சஸ்பெண்டியம்னு ஒரு கற்பனைப் பொருள், அதுக்கு ஒரு அறை. தள்ளுறதுக்கு எஞ்சின். அப்புறம் ஆட்கள் படுக்க அறை.

இந்தக் கடைசி ஐட்டம்தான் முக்கியம். படுக்கை அறை எவ்வளவோ அவ்வளவுதான் ஆள். அந்த ஆட்கள் சின்னச் சின்ன உருவமா கப்பலுக்குள்ள ஓடிக்கிட்டே இருப்பாங்க. குண்டு அறையிலிருந்து பீரங்கிக்குக் குண்டு தூக்கிட்டுப் போவாங்க, எஞ்சினுக்குக் கரி கொண்டு போவாங்க, தீப்பிடிச்சா அணைப்பாங்க, ஓட்டை விழுந்தா அடைப்பாங்க. நாம ஒவ்வொருத்தரையா மேய்க்க முடியாது. போற வழியைக் கட்டிக் குடுக்கறது மட்டும்தான் நம்ம வேலை.

2020ல லாக்டவுன் வந்தப்ப, பெங்களூர் அறையைக் காலி பண்ணிட்டு பொட்டி தட்டுற பொழப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். ஊர்னா தக்கலை பக்கம். அக்கா வீடும் அடுத்த தெருதான். அவ பையன், அதாவது என் மருமகன், அப்ப அவனுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடம் கிடையாது, வெளிய விளையாட விட மாட்டாங்க. காலேஜ்ல வாங்கின என் பழைய லேப்டாப் அவன் கைக்குப் போச்சு. அதுல இந்த கேம் இருந்துச்சு.

மொதக் கப்பல் கட்டினான். பேரு "வேளிமலை 1". எங்க ஊரு மலை பேரு. பத்துப் பீரங்கி, முன்னால ரெண்டு அடுக்கு இரும்புத் தகடு. பாக்கவே பயமா இருந்துச்சு. சண்டை ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆகல, சத்தம் போடுகான்.

"மாமா! பீரங்கி ஒண்ணுமே சுடல்ல! கேம் கெட்டுப்போச்சு!"

"ஆளு எத்தன வச்சிருக்க மக்கா?"

"நாலஞ்சு பேரு காணும்."

"அவனுவ என்ன செய்யுகானுவன்னு பாரு."

பெருசாக்கிப் பாத்தோம். ஒருத்தன் குண்டைத் தூக்கிக்கிட்டு அடித்தட்டுலேர்ந்து ஏணி ஏணியா மேல ஏறிக்கிட்டு இருக்கான். ரெண்டு பேர் தீயணைக்கறாங்க. ஒருத்தன் கரி சுமக்கறான். பத்துப் பீரங்கியும் வாயைப் பொளந்துக்கிட்டு சும்மா நிக்குது. எதிரி கப்பல்ல இருந்ததே மூணு பீரங்கிதான். ஆனா குண்டு அறை அதுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, ஆளும் இருந்துச்சு. அது டமால் டமால்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. கடைசில ஒரு குண்டு நம்ம குண்டு அறையிலயே விழ, வேளிமலை பொடிப்பொடியா வானத்துலேர்ந்து கொட்டிச்சு.

பயல் மொகம் சுருங்கிப்போச்சு. "நம்மகிட்டத்தான மாமா பெரிய பீரங்கி இருந்தது?"

அப்பதான் அவனுக்கு குளச்சல் கதை சொன்னேன்.

எங்க மாவட்டத்துக்காரங்க யாரைக் கேட்டாலும் குளச்சல் சண்டையைச் சொல்லுவாங்க. 1741. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா தோற்கடிச்சது. கடற்கரையில வெற்றித் தூண் இன்னும் நிக்குது. மேடைப் பேச்சுல எல்லாம் வீரம், வாளு, ரத்தம்னுதான் இருக்கும். ஆனா அந்தச் சண்டை முடிஞ்ச விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாத்தா வேற ஒண்ணு தெரியும். டச்சுக்காரங்க குளச்சல்ல அரண் அடிச்சு உள்ள இருந்தாங்க. சுத்தி திருவிதாங்கூர் படை. தென்மேற்குப் பருவமழைக் காலம், கடல் வழியா உதவி வர்றது கஷ்டம். அவங்க தலைமையிடம் இருந்த ஜாவாவுலயும் அதே நேரம் சண்டை, அங்கேர்ந்து படை அனுப்ப வழியில்லை. இந்த நிலையில ஒரு பீரங்கிக் குண்டு அரணுக்குள்ள இருந்த வெடிமருந்துப் பீப்பாய்ல விழுந்து, தீப்பிடிச்சு, உள்ள சேத்து வச்சிருந்த அரிசி எரிஞ்சு போச்சுன்னு வரலாற்றுல எழுதியிருக்காங்க. அரிசி போனதும் சரணடைஞ்சாங்க.

கவனிங்க. அந்தச் சோறு போனதுலதான் முடிஞ்சுது கதை. அதுவும் எங்க? நாஞ்சில் நாட்டுக்குப் பக்கத்துல. திருவிதாங்கூருக்கே நெல்லு குடுத்த பூமி. கண்ணுக்கு எட்டுற தூரத்துல வயலா வெளஞ்சு கெடக்கு, கோட்டைக்குள்ள கஞ்சிக்கு அரிசி இல்லை.

மருமகன் யோசிச்சிட்டுக் கேட்டான்: "அப்ப வெடிமருந்தையும் அரிசியையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்களா மாமா?"

"வேளிமலையில நீ கரியும் குண்டும் எங்க வச்சிருந்த?"

"...அடுத்தடுத்து."

அதுக்கப்புறம் பய கட்டுன கப்பலே வேற. குண்டு அறையை நடுவுல, சுத்தி அறைகள், தீயணைக்க தண்ணி ரெண்டு எடத்துல, பீரங்கி அஞ்சே அஞ்சு. "வேளிமலை 4" மொத வெற்றி.

அதே ராத்திரி எங்க ஆச்சி தன் பங்குக்குத் திரிபுரம் கதையைச் சொல்லிச்சு. மூணு அசுரனுங்க, தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. பிரம்மாகிட்ட சாகா வரம் கேட்டானுங்க, அது கிடையாதுன்னுட்டார். சரி, பொன்னுல ஒண்ணு வெள்ளியில ஒண்ணு இரும்புல ஒண்ணுன்னு மூணு பறக்குற கோட்டை வேணும், ஆயிரம் வருசத்துக்கு ஒருதரம் மூணும் ஒண்ணு சேரும்போது ஒரே அம்புல அழிச்சாத்தான் எங்களுக்குச் சாவுன்னு கேட்டு வாங்கினானுங்க. (பொட்டி தட்டுற மக்களுக்கு இது புரியும். ஆயிரம் வருசத்துக்கு ஒருக்காதானே, அது வரும்போது பாத்துக்கலாம்னு ரிலீஸ் பண்ணின சாஃப்ட்வேர் :-) ) கட்டினது மயன். நம்ம ஆளு, இஞ்சினியர்.

சிவன் பூமியைத் தேராக்கி, மேருமலையை வில்லாக்கி, ஒரே அம்புல எரிச்சது எல்லாருக்கும் தெரியும். ஆனா பாகவதத்துல அம்புக்கு முன்னாடி ஒரு காட்சி வரும். அந்தக் கோட்டையில மயன் ஒரு அமிர்தக் கிணறு வச்சிருந்தான். சண்டையில செத்தவனை அதுல போட்டா எந்திரிச்சு வந்துருவான். அது இருக்கற வரைக்கும் எத்தனை அம்பு விட்டும் ஒண்ணும் நடக்கல. அப்புறம் விஷ்ணு பசுவாவும் பிரம்மா கன்றாவும் உள்ள போயி, அந்தக் கிணத்தை மொத்தமா குடிச்சுத் தீர்த்தாங்க. அதுக்கப்புறம்தான் அம்பு.

மூணு உலகத்தையும் ஆட்டி வச்ச பறக்கும் கோட்டை. அதைச் சாய்க்கவும் கடவுள் மொதல்ல கை வச்சது தண்ணியிலதான்.

மகாபாரதத்துலயும் ஒரு பறக்கும் நகரம் இருக்கு. சால்வன்ங்கற ராஜாவோட சௌபம். அதுல வந்து துவாரகையை முற்றுகை போட்டான். துவாரகை எப்படித் தயாரா இருந்துச்சுன்னு வனபருவத்துல வருது. பாலத்தை இடிச்சது, படகை நிறுத்தினது, முத்திரை இல்லாம யாரும் உள்ள வெளிய போகக்கூடாதுன்னது எல்லாம் இருக்கு. அதோட கூடவே, படையில சம்பள பாக்கி இருக்குற ஆள் ஒருத்தன்கூட இல்லைன்னும் இருக்கு. எழுதினவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு பாருங்க.

இனி அத்தான் கதைக்கு வரேன்.

அத்தான், அக்காவோட வீட்டுக்காரர், சரக்குக் கப்பல்ல எஞ்சின் அறையில ஆயிலர். எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் கடல்லயோ கல்ஃப்லயோதான். ஒன்பது மாச ஒப்பந்தத்துல 2019 செப்டம்பர்ல ஏறினவர், 2020 ஜூன்ல இறங்கியிருக்கணும். ஜூன் வந்துச்சு. இறங்க விடல. துறைமுகம் துறைமுகமா சரக்கு இறங்குது, ஏறுது, ஆளு மட்டும் இறங்கக்கூடாது. அவருக்குப் பதிலா ஏற வேண்டியவர் விமானம் இல்லாம அவர் ஊர்ல உக்காந்திருக்கார். அந்த வருஷம் இப்படி ஒப்பந்தம் முடிஞ்சும் கப்பல்லயே மாட்டிக்கிட்டவங்க உலகம் முழுக்க சுமார் 4,00,000 பேர்னு சர்வதேச கடல்சார் அமைப்பு கணக்குச் சொன்னுச்சு. நாம வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல ஆர்டர் போட்ட சாமான்ல ஒரு பங்கு அவங்க தலைமேல வந்ததுதான்.

சிக்னல் கிடைக்கும்போது வாட்ஸ்அப்ல குரல் அனுப்புவார். நல்லாருக்கேன், சாப்பிட்டேன், இதுதான். ஆகஸ்ட்ல ஒரு நாள் மட்டும் கொஞ்சம் கூடப் பேசிட்டார். "எஞ்சின் சத்தம் தலகாணிக்குள்ள வந்து இருக்க மாதிரி இருக்கு. பத்து மாசம் வர ஒண்ணும் தெரியல்ல. இப்பம் கண்ண மூடவே முடியல்ல." அக்கா அடுக்களைக்குள்ள போயி ரொம்ப நேரம் வெளிய வரல. பய அந்தக் குரலை ரெண்டு மூணு தடவை போட்டுக் கேட்டான். ஒண்ணும் சொல்லல.

அடுத்த நாள் அவன் கட்டின கப்பலைப் பாக்கேன், விசித்திரமா இருக்கு. வால் மாதிரி பின்னால நீண்டு போகுது. நல்லா ஓடிக்கிட்டு இருந்த கப்பலை உடைச்சு, படுக்கை அறையை எல்லாம் எஞ்சின்லேர்ந்து தூரமா ஒரு மூலைக்குக் கொண்டு போய் வச்சிருக்கான். நடுவுல சும்மா ஒரு வெத்து வழி.

"இது என்னலே, ரயிலு மாதிரி?" அக்கா கேட்டா.

"எஞ்சின் பக்கத்துல கெடந்தா ஒறக்கம் வராதும்மா."

"பெருசா இருந்தா அடி விழும்லா. தோத்துப்போவியே."

"போட்டும்."

அக்கா என்னைப் பாத்தா. நான் லேப்டாப்பைப் பாத்தேன். அந்த கேம்ல எஞ்சின் பக்கத்துல படுத்தா தூக்கம் கெடும்னு எந்தக் கணக்கும் கிடையாது. கப்பல் நீளமானா எடை கூடும், எதிரிக்குக் குறி சுலபம், அவ்வளவுதான் நஷ்டம். லாபம்னு ஒண்ணும் இல்லை. ஆனா அந்தப் பயலோட கணக்கு ஸ்க்ரீனுக்கு வெளிய இருந்துச்சு. கேமை எழுதினவர் எழுதாத ஒரு விதியை இவனே சேத்துக்கிட்டான்: உள்ள இருக்கறவன் தூங்கணும். அந்த விதியோட ஜெயிக்க வழி இருக்கான்னு தேட ஆரம்பிச்சான். பல தடவை தோத்தான். தகட்டைப் பின்பக்கம் மாத்தி, மேல பறக்க விட்டு, தூரத்துலேர்ந்தே அடிச்சு, கடைசில "வேளிமலை 11" ஜெயிச்சுது. வாலோடயே.

அத்தான் நவம்பர்ல இறங்கினார். பதினாலு மாசம். தனிமைப்படுத்தல் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப எட்டு கிலோ குறைஞ்சிருந்தார். மூணு நாள் தூங்கினார். வீட்டுல டிவி கூடப் போடல. டிசம்பர் 1ஆம் தேதி ஐநா பொதுச்சபை, கடலோடிகளை அத்தியாவசியப் பணியாளரா நாடுகள் அறிவிக்கணும்னு தீர்மானம் போட்டுச்சு. செய்தியை நான் வாசிச்சுக் காட்டினப்ப, "கொள்ளாம்"னு ஒத்த வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டார்.

கொஞ்ச நாள் கழிச்சு எல்லாருமா உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். புலியூர்க்குறிச்சியில, நாகர்கோவில் திருவனந்தபுரம் ரோட்டு மேலயே இருக்கு. வனத்துறை பூங்காவா வச்சிருக்காங்க. பறக்காத கோட்டை, மலையையே உள்ள வச்சுக்கிட்டு பாறாங்கல்லா உக்காந்திருக்கு. குளச்சல்ல பிடிபட்ட டிலனாய்ங்கற கப்பித்தான், பின்னால மார்த்தாண்ட வர்மாகிட்டயே சேந்து, இந்தக் கோட்டையைத் திருத்திக் கட்டி, படைக்குப் பயிற்சி குடுத்து, "வலிய கப்பித்தான்"னு பேரெடுத்தார். பீரங்கி வார்க்குற உலையும் இங்கதான் இருந்துச்சு. 1777ல செத்தார். கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கு, கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து.

அந்தக் கல்லறை முன்னால அத்தான் கொஞ்ச நேரம் நின்னார். "இவரும் கப்பல்ல வந்தவருதான?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "மாத்தாள் வரல்ல, என்னா?"

நாங்க எல்லாம் சிறுவயசுலேர்ந்து டிலனாயைப் பத்தி எவ்வளவோ கேட்டிருக்கோம். எதிரியா வந்து தளபதியானவர்னு, கோட்டை கட்டினவர்னு. இப்படி ஒருத்தரும் பாத்ததில்லை. குளச்சல் அரணுக்குள்ள மழையையும் கடலையும் பாத்துக்கிட்டு, அடுத்த கப்பல் வரும் வரும்னு இருந்த ஒரு வேலைக்காரன்.

மருமகன் அதுக்குள்ள மதிலைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான். "இந்தக் கல்ல எல்லாம் யாரு மாமா தூக்குனது?" பேரு எங்கயும் எழுதல மக்கா. திருவிதாங்கூர்ல ஊழியம்னு ஒண்ணு இருந்துச்சு, கூலியில்லாம அரசாங்கத்துக்கு வேலை செய்யணும். இவ்வளவு கல்லு சும்மா வந்து அடுக்கிக்கலன்னு மட்டும் சொன்னேன். "அவங்க எங்க தூங்கியிருப்பாங்க?"ன்னு கேட்டான் அவன்.

இப்ப அவனுக்கு மீசை அரும்புது, கேம் எல்லாம் மாறிடுச்சு. அத்தான் மறுபடியும் கப்பல்லதான் இருக்கார், வேற வழி? ஆனா இப்ப ஏறும்போதே அக்கா கேக்குற முதல் கேள்வி சம்பளம் இல்லை: "மாத்தாள் எப்பம் வருவான்?" நானும் அதையேதான் பிடிச்சுக்கிட்டிருக்கேன். எங்க டீம்ல புதுசா ஒரு சிஸ்டம் கட்டலாம்னு போர்டுல பெட்டி பெட்டியா வரைஞ்சா, "ராத்திரி ரெண்டு மணிக்கு இது விழுந்தா போன் எடுக்கறது யாரு, அவனுக்கு அடுத்து யாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவேன். சில பேர் மொறைப்பாங்க. மொறைக்கட்டும். பத்துப் பீரங்கி வாயைப் பொளந்து நின்னதை நான் பாத்திருக்கேன்.

கோட்டை வானத்துல தொங்கினாலும் சரி, புலியூர்க்குறிச்சியில உக்காந்திருந்தாலும் சரி, தண்ணியில மிதந்தாலும் சரி. உள்ள இருக்கறவனுக்குச் சோறு, தூக்கம், மாத்தாள், இந்த மூணும் வந்து சேர வழி இருக்கா? இருந்தா நிக்கும். உங்க வீட்டுலயும் கடல்லயோ, ராத்திரி ஷிஃப்ட்லயோ, மாத்தாள் வராம யாராவது மாட்டியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கேம் கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்கு, ஸ்டீம்ல இருக்கு. வீட்டுல திட்டு வாங்கினா கம்பெனி பொறுப்பல்ல. கப்பலுக்கு உங்க ஊரு மலை பேரு வைங்க, ராசி :-)